பூ, பாட்டு, இருக்கை: தஞ்சை மண்ணின் இரண்டு வேதநாயகங்கள்

தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவக் கல்யாணத்துக்குப் போனால் பெண் தலைநிறைய மல்லிகை வைத்திருப்பாள். கோயில் வாசலில் மாலைகள் காத்திருக்கும். பந்தலில் பெரியவர் ஒருவர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றைத் தொடங்குவார், கூடியிருப்பவர்கள் சேர்ந்துகொள்வார்கள். இதில் எதையும் இன்று யாரும் தவறென்று சொல்வதில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் சொன்னார்கள். 1820களில் இதே தஞ்சையில், பூவும் தமிழ்ப் பாட்டும் கிறிஸ்தவனுக்கு ஆகாது என்று மிஷனெரிகளின் ஒரு புதிய தலைமுறை தடைபோடப் பார்த்தது. அதை எதிர்த்து எழுந்தவர் அந்தக் கீர்த்தனைகளை எழுதிய சாஸ்திரியாரேதான். அவர் எதிர்த்தது அதை மட்டுமில்லை. கோயிலில் எல்லாச் சாதியாரும் கலந்து உட்கார வேண்டும் என்ற ஏற்பாட்டையும் அதே வேகத்தோடு எதிர்த்தார்.

பழையது மாறும்போது ஒரு கிறிஸ்தவர் எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், எதை விட வேண்டும்? காவிரி டெல்டாவின் சபைகளில் இந்தக் கேள்வி ஓய்ந்ததே இல்லை. பதில் தேடும்போது என் மனம் திரும்பத் திரும்ப இரண்டு பேரிடம் போகிறது. ஒருவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). மற்றவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889). பெயர் ஒன்று, ஆறு ஒன்று, பிறந்த சாதியும் ஒன்று: இருவரும் வேளாளர். முன்னவர் லூத்தரன் மிஷனெரிகள் வளர்த்த சீர்திருத்தச் சபைக்காரர், பின்னவர் கத்தோலிக்கர். இருவருக்கும் ஐம்பத்திரண்டு ஆண்டு வயது வித்தியாசம். அந்த இடைவெளியில் தஞ்சை ஒரு ராஜ்ஜியமாக இருந்து கலெக்டர் ஆளும் ஜில்லாவாகிவிட்டது.

சாஸ்திரியாரைப் பழமைவாதி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவதை நான் ஏற்பதில்லை. பாளையங்கோட்டைப் பக்கம் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே ஜெர்மன் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சைக்கு அழைத்துவந்து படிக்கவைத்தார். பின்னாளில் அரசராகிய சரபோஜியும் சுவார்ட்ஸின் கண்காணிப்பில் வளர்ந்தவரே. தரங்கம்பாடிக்குப் போய் வேதசாஸ்திரம் படித்தார், அங்கே பூகோளமும் வானசாஸ்திரமும் கற்றார். 1800இல் பாடிய பெத்லகேம் குறவஞ்சியைப் பாருங்கள். குறத்தி நாடு சுற்றிக் குறி சொல்லும் பழைய கூத்து வடிவம் அது. அதற்குள் கோபர்நிக்கஸின் சூரிய மண்டலத்தைக் கொண்டுவந்து வைத்தார். பூமி சுற்றுகிறது என்பது வேதத்துக்கு விரோதம் என்று அவருக்குத் தோன்றவில்லை, தமிழ்க் கூத்துக்கு அந்நியம் என்றும் தோன்றவில்லை. நோவாவின் கப்பலைப் பாட்டாக்கினார். தச்சன், நொண்டி எனத் தெருக்கூத்து அறிந்த பாத்திரங்களையெல்லாம் சுவிசேஷம் சொல்லவைத்தார். புதிய அறிவைக் கண்டு அஞ்சுகிற மனம் இப்படி எழுதாது.

பிறகு காலம் மாறியது. 1798இல் சுவார்ட்ஸ் இறந்தார். தமிழ் வழக்கங்களோடு பழகி இணங்கிப்போன, ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த பழைய மிஷனெரிகளின் தலைமுறை ஒவ்வொருவராக மறைந்தது. 1820களில் தஞ்சை மிஷன் இங்கிலாந்துச் சபையின் சங்கமொன்றின் கைக்குப் போனது. புதிதாக வந்தவர்கள் வேறு கண்ணோடு பார்த்தார்கள். அவர்கள் கொண்டுவர முயன்ற மாற்றங்களை நான்கு கொடுமைகள் என்று கணக்கிட்டு எழுதினார் சாஸ்திரியார். பழகிய தமிழ் வேதாகமத்தைத் திருத்துவது முதலாவது. சாதியாரை வலிந்து கலப்பது இரண்டாவது. விசேஷ நாட்களில் பூவை விலக்குவது மூன்றாவது. வழிபாட்டிலும் கல்யாணத்திலும் தமிழ்ச் சங்கீதத்தை நிறுத்துவது நான்காவது.

இந்தப் பட்டியலைத்தான் நான் கூர்ந்து பார்க்கச் சொல்கிறேன். நான்கும் ஒரே இனத்தவை அல்ல. ஆனால் இரண்டு தரப்பும் அவற்றை ஒரே மூட்டையாகக் கட்டின. மிஷனெரிகளின் கண்ணில் பூ, பாட்டு, சாதி மூன்றும் அஞ்ஞானத்தின் மிச்சம், எனவே எல்லாம் போக வேண்டும். சாஸ்திரியாரின் கண்ணில் அவை நம் நாட்டு வழக்கம், விசுவாசத்தைத் தொடாதவை, எனவே எல்லாம் இருக்க வேண்டும். மூட்டையை அவிழ்த்துப் பார்க்க யாரும் முன்வரவில்லை. பின்னால் வந்த வலியெல்லாம் அந்த முடிச்சிலிருந்தே வந்தது.

மூன்று விஷயங்களில் சாஸ்திரியார் சொன்னது சரி என்று காலமே காட்டியது. பப்ரீஷியஸ் ஐயரின் வேதாகமத் தமிழ் ஜனங்களின் நாவில் ஊறிப்போயிருந்தது. அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வந்தது, பழைய ஏற்பாடு அவர் இறந்த பிறகு அச்சாகி முடிந்தது. ரேனியஸ் ஐயர் வேறு நடையில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். ஆனால் பவர் ஐயரின் குழு ஒருமித்த மொழிபெயர்ப்பை உருவாக்கி 1871இல் வெளியிட்டபோது பப்ரீஷியஸையே அடித்தளமாகக் கொண்டது. தெற்கத்திச் சபைகளில் பெரும்பாலோர் இன்றும் கையில் வைத்திருப்பது அந்த வழியில் வந்த வேதாகமம்தான். வாசித்து வாசித்து மனப்பாடமான ஒரு ஜெபத்தை, சாவு வீட்டில் சொல்லி அழுத ஒரு சங்கீதத்தை, ஒரு கமிட்டி திருத்திக் கொடுப்பதிலுள்ள வன்முறை அவருக்குப் புரிந்திருந்தது. பூவும் அப்படியே. மல்லிகை வைத்த பெண் விக்கிரகத்தை வணங்கவில்லை, கல்யாணத்துக்கு வந்திருக்கிறாள். பாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜெர்மன் ராகத்தில் மொழிபெயர்த்த ஞானப்பாட்டை ஒருவர் பக்தியோடு பாடலாம், பாடவும் செய்கிறோம். ஆனால் நாள் முழுக்க வயலிலும் தறியிலும் வேலைசெய்துவிட்டு வந்தவர் தன் வாய்க்கு எட்டிய ராகத்தில் கர்த்தரைக் கூப்பிடும் உரிமையை எந்தச் சங்கம் பறிக்கலாம்?

இந்தப் போராட்டம் அவருக்கு இலவசமாக வரவில்லை. 1829இல் மிஷன் வேலை போயிற்று. அப்போது அவரைத் தாங்கியவர் சரபோஜி மன்னர். அரண்மனைப் புலவராக்கி மானியம் கொடுத்தார். கிறிஸ்துவையன்றி வேறெவரையும் பாடாத ஒருவருக்கு இந்து அரசர் சோறு போட்டார். 1832இல் மன்னர் இறந்தபின் அந்த ஆதரவும் ஒழிந்தது. மீதி முப்பது ஆண்டுகள் ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பிழைத்தார். வளர்ப்பு மகள் ஞானதீபம் அம்மாள் உடன் பாடினார். எழுபது எண்பது வயதில் மாட்டுவண்டியில் சபை சபையாக அலைந்த அந்த மனிதரை நினைக்கும்போது எனக்கு மரியாதை கூடுகிறது. அவருடைய வாதத்தை விசாரிக்காமல் விடக்கூடாது என்று நினைப்பதற்கும் அந்த மரியாதையே காரணம்.

மீதமுள்ள விஷயமான சாதிக்கு வருகிறேன். அதே 1829இல் ‘ஜாதி திருத்தலின் பயித்தியம்’ என்ற நூலை எழுதினார். வாதத்தின் சாரம் இது: பழைய மிஷனெரிகள் சாதி வரிசையை அனுமதித்தார்கள், தனியே உட்காருவது ஓர் ஒழுங்கு, அதில் பகை இல்லை, எல்லா நாட்டிலும் ஏற்றத்தாழ்வு உண்டு, வெள்ளையரிடமும் உண்டு, பலவந்தமாகக் கலக்கச் சொன்னால் சுற்றியுள்ளோர் நம்மை இழிவாகப் பார்ப்பார்கள், சுவிசேஷம் பரவாது. பூவுக்கும் பாட்டுக்கும் சொன்ன அதே நியாயத்தைத்தான் இதற்கும் சொன்னார். இது நம் வழக்கம், இதில் கை வைக்காதீர்கள்.

பூ வைத்தவளால் யாருக்கும் குறைவு வரவில்லை. பாடியவரால் யாருக்கும் இடம் போகவில்லை. இருக்கை அப்படியில்லை. முன்னால் ஒருவர் தனித்து உட்கார்ந்தால் பின்னால் ஒருவர் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். திருவிருந்தில் ஒரு கூட்டம் முந்தினால் இன்னொரு கூட்டம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தவர்கள் யார்? காவிரிப் பாசனத்தில் நாற்றுப் பறித்து, சேற்றில் நடவு நட்டு, அறுத்துக் களம் சேர்த்த பண்ணையாட்கள். நிலத்தோடு சேர்த்து மாற்றப்பட்டவர்கள், பிள்ளைகளையும் பண்ணைக்கு விட்டவர்கள். அடிமை மீது ஒருவர் கொண்டாடும் உரிமையை இனிச் சட்டம் ஏற்காது என்று கம்பெனி அரசு சட்டமியற்றியதே 1843இல்தான். சாஸ்திரியார் தன் நூலை எழுதும்போது கோயிலின் பின்வரிசையில் இருந்த பலருடைய நிலை அது. அவர்களுக்கு அது ஒழுங்காகத் தெரிந்திருக்க முடியாது.

வேதம் இதைப் பற்றி மௌனமாக இருந்தால் அவரைக் குறைசொல்வது நியாயமாகாது. மௌனமாக இல்லை. பொன்மோதிரம் போட்டவர் சபைக்குள் வந்தால் நல்ல இடத்தைக் காட்டி, கந்தை உடுத்தவரைப் பாதபடியண்டை உட்காரச் சொல்வதை யாக்கோபு தன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் நேருக்கு நேர் கண்டிக்கிறார். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு நிற்பதைப் பவுல் கடிந்துகொள்கிறார், அதுவும் திருவிருந்தைப் பற்றிப் பேசும் இடத்திலேயே. வேதாகமத்தைக் கரைத்துக் குடித்த சாஸ்திரியாருக்கு இவை தெரியாதவை அல்ல. தெரிந்திருந்தும் கண் அந்தப் பக்கம் போகவில்லை. தான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தபோது பின்வரிசை தெரியவில்லை.

அப்போஸ்தலர் பதினைந்தாம் அதிகாரத்தில் எருசலேமில் கூடிய ஆதிச் சபை முதல் பெரிய மாற்றத்தை எப்படிச் சந்தித்தது என்று பாருங்கள். புறஜாதியாரிலிருந்து விசுவாசத்துக்கு வந்தவர்கள் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்பது கேள்வி. பேதுரு எழுந்து, நம் முன்னோராலும் நம்மாலும் சுமக்க முடியாத நுகத்தை இவர்கள் கழுத்தில் ஏன் வைக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். பழமையா புதுமையா என்று அவர்கள் வாதாடவில்லை. யார் தோளில் பாரம் ஏறுகிறது, யார் தோளிலிருந்து இறங்குகிறது என்று பார்த்தார்கள். இந்த அளவுகோலைத் தஞ்சைக்குக் கொண்டுவந்தால் அந்த மூட்டை தானே அவிழும். பூவைத் தடுப்பது பாரம் ஏற்றுவது. பாட்டைப் பறிப்பதும் அப்படியே. இருக்கையைச் சமமாக்குவது பாரம் இறக்குவது. மூன்றை எதிர்க்கவும் ஒன்றை ஏற்கவும் சாஸ்திரியாருக்கு அவர் படித்த வேதத்திலேயே வழி இருந்தது. மிஷனெரிகளுக்கும் அதே வழி திறந்திருந்தது, அவர்களும் போகவில்லை. பூவையும் சாதியையும் ஒரே தட்டில் வைத்ததால், சாதியை விடச் சொன்ன நியாயமான குரலும் அந்நியரின் அதிகாரமாகவே ஜனங்களின் காதில் விழுந்தது.

1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதினார். வேப்பேரி, தஞ்சை, திருச்சி ஆகிய ஊர்களில் வேளாளக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக விலகினார்கள். 1840களில் லைப்சிக் மிஷன் தரங்கம்பாடிக்கு வந்து சாதி விஷயத்தில் மெதுவாகப் போகலாம் என்ற நிலையை எடுத்தபோது விலகியவர்களில் பலருக்குப் போக ஒரு கதவு கிடைத்தது. கொள்கை சரியாக இருந்தும், மேலிருந்து வந்த ஒரு கடிதத்தால் கோயில் தரையைச் சமமாக்க முடியவில்லை.

1860களின் தொடக்கத்தில், சாஸ்திரியார் இன்னும் உயிரோடு இருந்தபோது, கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அச்சேறியது. ஆதனூர்ப் பண்ணையாள் ஒருவர் சிதம்பரம் போகத் துடிப்பதும், நிலக்காரர் தடுப்பதும்தான் கதை. உள்ளே போக முடியாமல் வெளியே நின்றவரின் ஏக்கத்தை டெல்டா முழுக்கப் பாடவைத்தார் பாரதியார். சுவிசேஷத்தைக் கையில் வைத்திருந்த சபை தன் பின்வரிசைக்காரருக்காக அப்படியொரு பாட்டை அன்றைக்கு எழுதவில்லை. இது எனக்கு மிகவும் உறுத்துகிற விஷயம்.

அந்தப் பாரதியாரின் நண்பர்தான் இரண்டாம் வேதநாயகம். திருச்சியை அடுத்த குளத்தூரில் பிறந்து, நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளர், மொழிபெயர்ப்பாளர் என்று படிப்படியாக ஏறி, 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பிறகு சீர்காழி, அதன்பின் மாயூரம். அவர் சந்தித்த மாற்றம் சபைக்குள்ளிருந்து வரவில்லை. 1855இல் பெயரளவில் மிஞ்சியிருந்த தஞ்சை அரசும் முடிந்தது. கொள்ளிடத்தில் ஆர்தர் காட்டன் கட்டிய அணைகளால் பாசனம் ஒழுங்குக்குள் வந்தது, நிலத்தின் மதிப்பு ஏறியது, மதிப்பு ஏற ஏற வழக்கும் ஏறியது. அந்த வழக்குகள் முன்சீப்பின் மேசைக்கு வந்தன. சட்டமோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். தன் நிலத்தைப் பற்றிய தீர்ப்பு தனக்கே புரியாமல் கைகட்டி நின்ற குடியானவரை அவர் தினமும் பார்த்தார்.

என்ன செய்தார் என்பதுதான் ஒப்பிட வேண்டிய இடம். ஆங்கிலச் சட்டம் வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. 1805 முதல் 1861 வரையான நீதிமன்றத் தீர்ப்புகளைச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று தமிழில் தொகுத்துக் கொடுத்தார். நீதிமன்றத்தில் வாதமும் தீர்ப்பும் தமிழில் நடக்க வேண்டும் என்று, 1879இல் அச்சேறிய பிரதாப முதலியார் சரித்திரத்தின் கதையோட்டத்தையே நிறுத்திவைத்து வாதாடினார். அந்த நாவலும் ஒரு மாற்றமே. செய்யுளில் ஊறிய நாட்டில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் நெருங்கிய நண்பராகவும் செய்யுளில் கைதேர்ந்தவராகவும் இருந்துகொண்டே, படித்த யாரும் வாசிக்கும்படி உரைநடைக் கதையை எழுதினார். வந்த மாற்றத்தை மறுக்காமல், அது சிலருக்கு மட்டுமான சொத்தாகிவிடாதபடி பார்த்துக்கொண்டார். நான் சொன்ன அளவுகோலை அவர் பெயரிட்டுச் சொன்னதில்லை, ஆனால் அவர் கை அதை அறிந்திருந்தது.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1859இல் வந்த நீதிநூலிலேயே பெண்களுக்கும் சேர்த்து எழுதினார். 1869இல் பெண்மதி மாலை, அதோடு பெண் கல்வி பற்றிய உரைநடை. சொன்னதோடு நிற்காமல் மாயூரத்தில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். படித்த பெண் வீட்டுக்கு ஆகாதவள் என்று ஊர் பேசிய காலம் அது. அவர் படைத்த ஞானாம்பாள் ஆண் வேடத்தில் அரசாட்சியே நடத்துகிறாள்; நாவலில் கணவனைவிட அறிவாளி அவள்தான். சாஸ்திரியார் வீட்டில் ஞானதீபம் அம்மாள் சபைகளின் முன் நின்று பாடியதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தன் மகளுக்குச் சாஸ்திரியார் இடம் கொடுத்தார். பிறர் மகள்களுக்கும் இடம் வேண்டும் என்று பிள்ளை ஒரு பள்ளிக்கூடத்தையே நடத்தினார். வயல் வரப்பில் வளரும் பெண்பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது வகை அன்புதான் பயன்பட்டது.

இசையில் இருவரும் நெருங்குகிறார்கள், உடனே பிரிகிறார்கள். காவிரிக் கரையின் சங்கீதத்தை விட்டுக் கிறிஸ்தவர் அந்நியராக வேண்டியதில்லை என்பதில் இருவருக்கும் ஒரே நம்பிக்கை. சாஸ்திரியார் அந்த ராகங்களை இயேசுவின் பெயருக்கே கொடுத்தார், சமரசம் கிடையாது. பிள்ளை 1878இல் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை வெளியிட்டார். எந்த மதத்தவரும் தன் கடவுளை நினைத்துப் பாடலாம்படி எழுதியவை. அவை கச்சேரி மேடைக்கும் போயின. தேவமாதாவுக்கு அந்தாதி பாடிய கத்தோலிக்கர்தான் அவர். அந்தப் பக்தியில் குறை வைக்காமல் திருவாவடுதுறை ஆதீனத்தோடும் நட்பாக இருந்தார். சாஸ்திரியாரின் பாட்டில் இருக்கும் உருக்கம் பிள்ளையின் கீர்த்தனையில் எனக்குக் கிடைப்பதில்லை. எல்லோருக்குமாக எழுதும்போது சூடு கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனால் அண்டை வீட்டாரோடு உட்கார்ந்து பாட ஒரு பாட்டு வேண்டும் என்ற தேவையைப் பிள்ளைதான் உணர்ந்தார். கலவையான தெருக்களில் வாழ்கிற டெல்டாக் கிறிஸ்தவருக்கு இரண்டும் வேண்டும்.

நீதிமன்றத்துக்குத் தமிழ் கேட்ட இவருடைய பூசை அன்று லத்தீனில் நடந்தது. ஞாயிறுதோறும் புரியாத மொழியில் குருவானவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை குடியானவருக்குப் புரியும் மொழிக்காக வாதாடினார். கத்தோலிக்கப் பீடத்தில் தமிழ் முழுதாக ஏற இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965) கூடவேண்டியிருந்தது. சாஸ்திரியாரின் சபையில் வேதாகமமும் ஜெபமும் தொடக்கத்திலிருந்தே தமிழ்தான். சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கி ஒன்பது ஆண்டுகளுக்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகியிருந்தது. அந்த வரத்தைக் காக்கத்தான் சாஸ்திரியார் அத்தனை கடுமையாக நின்றார் என்பதும் இந்த ஒப்பீட்டில் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

பிள்ளைக்கும் எல்லை உண்டு. பிரதாப முதலியாரின் உலகம் செல்வர் வீட்டு முற்றம். நெல்லை விளைவித்தவர் அந்தக் கதையின் நடுவே வந்து நிற்பதில்லை. ஆனால் 1876–78 பஞ்சத்தில் தன் பொருளைச் செலவிட்டுக் கஞ்சி ஊற்றினார். வரிசையில் நின்றவர்களில் பண்ணையாட்களும் கூலிக்காரர்களும் இல்லாமல் இருந்திருக்க முடியாது. கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடியது அந்தக் கொடையை நினைத்துத்தான். பசித்தவருக்குச் சோறு போட்டது பெரிது. அவர் ஏன் முதலில் பசித்தார் என்ற கேள்வியை அந்தத் தலைமுறை எழுப்பவில்லை.

அதை எழுப்பாததன் விலையை டெல்டா பிறகு கொடுத்தது. 1968இல் கூலிநெல் தகராறின் உச்சத்தில் கீழ்வெண்மணியில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அது டிசம்பர் 25ஆம் தேதி இரவு. கிறிஸ்து பிறந்த நாளைக் கொண்டாடிவிட்டுத் தூங்கப்போன நாங்கள் அந்தத் தேதியை எங்கள் நாட்காட்டியிலிருந்து பிரித்து வைக்க முடியாது. சபைக்குள்ளும் இது தீர்ந்துவிடவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரிக்கும் சுவர் இந்த நூற்றாண்டிலும் போராட்டத்துக்குரியதாக இருந்தது. அதே திருச்சபைகளில் வேறு கதவுகள் திறந்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும்: 1976இல் தென்னிந்தியத் திருச்சபை முதன்முறையாக ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது.

இப்போது எங்கள் ஊர்களில் மாற்றம் வேறு முகத்தோடு வருகிறது. ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா என்று பார்த்துக் குறுவையைத் தீர்மானிக்கும் வீடுகளில் பிள்ளைகள் திருப்பூருக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள். நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்ததில் நடவுக்குப் போன பெண்களின் கூலிநாட்கள் சுருங்கிவிட்டன. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே இரவில் தென்னைகளைச் சாய்த்து வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தலைமுறையின் சேமிப்பைத் தரையில் கிடத்தியது. கோயிலுக்குள் கீபோர்டும் திரையும் வந்திருக்கின்றன. ஞானப்பாட்டுப் புத்தகம் பெட்டிக்குள் போகிறது என்று பெரியவர்கள் வருத்தப்படுகிறார்கள், பழைய ராகம் இழுவையாக இருக்கிறது என்று பிள்ளைகள் சலித்துக்கொள்கிறார்கள். இந்தச் சண்டையில் யாருடைய ரசனை வெல்கிறது என்று பார்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை. திரையில் ஓடும் எழுத்தைப் படிக்கத் தெரியாத பாட்டி தன் மனப்பாடப் பாட்டை எப்போது பாடுவாள் என்று கேட்கிறேன். அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் திரை வாங்க ஒதுக்கும் கமிட்டி, அந்த ஆண்டு இயந்திரத்தால் வேலை இழந்த சபைப் பெண்களுக்கு என்ன ஒதுக்கியது என்று கேட்கிறேன். சாஸ்திரியாரின் பிடிவாதம் முதல் கேள்விக்கு வேண்டும், பிள்ளையின் கணக்கு இரண்டாவதற்கு வேண்டும்.

சாஸ்திரியாரின் நினைவு நாள் ஜனவரி 24. அந்நாளில் அவர் பாட்டுகளைப் பாடுகிறோம். பாடுகிறவர்களில் பலர் அவர் காலத்தில் பின்வரிசையில் நின்றவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள். அவர்கள் வாயில் அந்தக் கீர்த்தனைகள் அவர் எண்ணாத அகலத்தைப் பெற்றுவிட்டன. ஆனால் 1829இல் எழுதிய அந்தச் சாதி நூலை யாரும் எடுப்பதில்லை, புலவருக்குக் குறைவு வந்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். எடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஒவ்வொரு சபையிலும் அன்று மாலை, பாட்டுகள் முடிந்தபின், அந்த நூலின் சில பக்கங்களையும் யாக்கோபின் இரண்டாம் அதிகாரத்தையும் அடுத்தடுத்து வாசிக்கலாம். கேட்பவர்கள் யார் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும். பிறகு கல்லறைத் தோட்டத்தில் யார் எங்கே கிடக்கிறார்கள் என்பதையும் கமிட்டி பேசட்டும்.